கரண்ட் போய் வந்த பின்: ஊனோவும் ஈஎஸ்பி-32உம்

ஏழாம் திருவிழா இரவு. சுவாமி வெளிவீதியில் மேற்கு மூலை திரும்பி நிற்கிறது. தவில்காரர் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் விடுவதாயில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கைபேசி வெளிச்சங்கள் எழும்பின, தவில் ஓயவேயில்லை, அரை நிமிடத்தில் மடப்பள்ளிக்குப் பின்னால் ஜெனரேற்றர் உறுமியது. மேற்கு வீதிச் சோடனை மறுபடி ஓடத் தொடங்கியது. கோபுர வாசல் மட்டும் இருட்டாகவே கிடந்தது.

“தம்பி, உங்கட பெட்டிதான் எழும்பேல்லை” என்றார் சோடனைக்கார அண்ணை. குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மேற்கு வீதிப் பெட்டிக்குள் சோடனையை ஓட்டியது ஒரு சிறு கணினிப் போட், அண்ணையின் பழைய ஆர்டுயினோ ஊனோ. கோபுர வாசலுக்கு நான் பெருமையோடு கொண்டுபோய் வைத்தது ஈஎஸ்பி-32. வேகம், நினைவகம், வைஃபை என்று எதை எடுத்தாலும் ஊனோவை எங்கேயோ விட்டுவிட்டுப் போகிற போட். அன்றைக்குப் படுத்துக்கிடந்தது அதுதான். காரணம் வயர் செருகும் கால்களில் ஒன்று, ஒரேயொரு பின்: 12.

இந்த இரண்டு போட்டுகளையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தில் தொடங்கி விலையில் முடிப்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கோயில் வீதியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கரண்ட் போய்த் திரும்பி வருகிற அந்தக் கணத்தில், நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு பின்னும் என்ன செய்துகொண்டிருக்கிறது? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவித்த நாடு இது. இந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே லைற் கட்ட முடியாது.

பின் என்பது புதிய விஷயமும் அல்ல. முன்பு ஓடுகிற லைற்றை ஓட்டியது மர உருளை. உருளையின் மேல் செப்புத் தகட்டை வெட்டி ஒட்டி, ஒரு மோட்டரால் மெல்லச் சுழற்றுவார்கள். வரிசையாக நிற்கும் தொடுகைகள் தகட்டில் முட்டும்போது அந்த வரிசைப் பல்ப் எரியும், விலகும்போது அணையும். தெற்கே வெசாக் தோரணங்களையும் மினுங்க வைத்தது இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு தொடுகையும் ஒரு பின், தகட்டின் வடிவமே நிரல். கரண்ட் போனால் உருளை நிற்கும், வந்தால் நின்ற இடத்திலிருந்து சுற்றும். மறதி என்கிற வியாதி அதற்கு இல்லை. சிப்புக்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் அது புதிதாகப் பிறந்து, தன் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத்தான் எழும்புகிறது.

ஆர்டுயினோ முயற்சி இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் தொடங்கியது. மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவரும் கையாள வேண்டும் என்பது நோக்கம். ஊனோ 2010இல் வந்தது. அதன் மூளை ஏடிமெகா 328பி: 16 மெகாஹேட்ஸ் வேகம், நிரலுக்கு 32 கிலோபைட், வேலை செய்ய 2 கிலோபைட், ஓடுவது 5 வோல்ற்றில். ஈஎஸ்பி-32 ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தினுடையது, 2016இல் வெளிவந்தது. 240 மெகாஹேட்ஸ் வரை ஓடும் இரண்டு கருக்கள், 520 கிலோபைட் நினைவகம், வைஃபை, புளூடூத், ஆனால் 3.3 வோல்ற். எண்களைப் பார்த்தால் பேரனையும் பூட்டனையும் ஓட்டப்பந்தயத்துக்கு விட்டது போல இருக்கும். இடையே ஒரு வேடிக்கை: 2023இல் வந்த ஊனோ ஆர்4 வைஃபை போட்டில் வைஃபை வேலையைப் பார்ப்பது ஈஎஸ்பி குடும்பத்தின் சிப்தான். பூட்டன் பேரனை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

இனிப் பின்களுக்கு வருவோம். இரண்டு போட்டுகளின் குணம் பிரிவது இங்கேதான்.

ஊனோவில் ஒவ்வொரு பின்னுக்கும் தொழில் பிறப்பிலேயே எழுதியிருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் 3, 5, 6, 9, 10, 11 என்ற ஆறு பின்கள்தான். இந்த ஆறும் சிப்புக்குள் இருக்கும் மூன்று மணிக்கூடுகளில் இரண்டிரண்டாகக் கட்டப்பட்டவை. 5உம் 6உம் கட்டியிருக்கும் மணிக்கூடுதான் நிரலின் நேரத்தையும் எண்ணுகிறது, அதைக் கை வைத்து மாற்றினால் ‘ஒரு செக்கன் பொறு’ என்று எழுதியது ஒரு செக்கனாக இராது. 9இலும் 10இலும் வெளிச்சத்தைக் கட்டிவிட்டு, அதே நிரலில் சிறு மோட்டரை அசைக்கும் சேர்வோ நூலகத்தையும் சேர்த்தால் அந்த இரண்டின் மங்கலும் பிரகாசமும் போய்விடும். 0, 1 கணினியோடு பேசுகிறவை. றீசெற் பொத்தானை அமத்தினால் 13இல் உள்ள சிறு லைற் சில தரம் வெட்டும், அந்தப் பின்னில் றிலே என்ற மின்சுவிச்சைக் கட்டியிருந்தால் அதுவும் கூடவே டக் டக் என்று அடிக்கும். ஊனோவின் தொல்லைகள் ஏறத்தாழ இவ்வளவுதான். எந்தப் பின்னில் எதைக் கட்டினாலும் போட் எழும்ப மறுக்காது. கரண்ட் வரும் கணத்தில் எல்லாப் பின்களும் உள்ளீடாக, கை கட்டி நிற்கின்றன. நிரல் வந்து சொல்லும் வரை எதையும் தள்ளவும் மாட்டா, இழுக்கவும் மாட்டா.

ஈஎஸ்பி-32இல் தொழில் பிறப்போடு வருவதில்லை. வெளியே அனுப்பக்கூடிய எந்தப் பின்னுக்கும் எந்த வேலையையும் நிரலிலே கொடுக்கலாம். உள்ளே ஒரு பெரிய இணைப்புப் பலகை இருக்கிறது, பழைய தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகுவது போல. மங்கல் பிரகாசத்துக்கு 16 தடங்கள், ஒவ்வொரு எல்ஈடியும் தனித்தனியே நிறம் மாறுகிற பிக்சல் லைற்றுக்குத் தரவு அனுப்ப 8 தடங்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 38 கால் போட்டைக் கையில் எடுத்துக் கழித்துக்கொண்டு வந்து பாருங்கள். 6 முதல் 11 வரை உள்ளேயே நிரல் சேமிக்கும் நினைவகத்துக்குப் போய்விட்டன, தொட்டால் போட் நின்றுவிடும். 34, 35, 36, 39 கேட்க மட்டும் தெரிந்தவை, ஒரு எல்ஈடியைக்கூட எரிக்கா. 1, 3 கணினிக்கு. 0, 2, 5, 12, 15 என்ற ஐந்தும் எழும்பும் நேரத்தில் சிப் தானே பார்த்துக்கொள்ளும் பின்கள். 14 எழும்பும் நேரத்தில் கொஞ்சம் துடிக்கும், அங்கே றிலே வைத்தால் ஒரு தரம் சும்மா அடித்துவிட்டு ஓயும். இவ்வளவையும் கழித்தால் எந்தப் பயமும் இல்லாமல் லைற் கட்டத் தேறுவது 4, 13, 16 முதல் 19 வரை, 21, 22, 23, 25, 26, 27, 32, 33. எண்ணினால் 14.

ஊனோவில் 0உம் 1உம் போக 12, அதோடு ஏ0 முதல் ஏ5 வரையான ஆறு பின்களையும் வெறும் ஆன், ஓஃப் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆக 18. பெரிய போட் சின்னதைவிட நான்கு குறைவு! எனக்கு இது விளங்க ஒரு திருவிழா தேவைப்பட்டது.

அந்த இரவுக்குத் திரும்புகிறேன். அன்று பின்னேரம் உபயகாரர் வந்து, தீபாராதனை நேரத்தில் கோபுர வாசல் ‘ஓம்’ தனியாக எரிய வேண்டும் என்று கேட்டார். பிக்சல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஒரு றிலே போட் இருந்தது, பெட்டியின் ஓரத்தில் கைக்கு எட்டிய வெறும் பின் 12. ஓடிக்கொண்டிருந்த போட்டிலேயே வயரைச் செருகினேன். புதிய நிரலை வைஃபை வழியே அனுப்பினேன். போட் தன்னைத்தானே மறுபடி தொடங்கியது, றிலே அடித்தது, ‘ஓம்’ எரிந்தது. உபயகாரர் தலையாட்டிவிட்டுப் போனார். எல்லாம் சரி.

சரியில்லை என்பது கரண்ட் போய் வந்தபோதுதான் தெரிந்தது. முழுதாகக் கரண்ட் அறுந்து வரும்போது சிப் முதற்காரியமாக அந்த ஐந்து பின்களின் நிலையைப் பார்க்கிறது. 12 உயர்ந்திருந்தால் ‘என் சேமிப்பகம் 1.8 வோல்ற் வகை’ என்று எடுத்துக்கொண்டு அதற்கு அவ்வளவுதான் கொடுக்கும். போட்டில் இருப்பதோ 3.3 வோல்ற் வகை. சேமிப்பகம் வாய் திறக்காது, நிரல் வராது, இருட்டு. நான் செருகிய றிலே போட் தன் உள்ளீட்டை ஒரு தடையி வழியே 5 வோல்ற் பக்கம் மெல்ல இழுத்துவைத்திருக்கும் வகை. அப்படியானால் பின்னேரம் எப்படி எழும்பியது? நிரல் தானாக மறுபடி தொடங்கும்போது சிப் அந்தப் பின்களைத் திரும்பப் பார்ப்பதில்லை, முன்பு பார்த்ததையே வைத்துக்கொள்கிறது. பொய்ச் சாட்சி சொன்னது சிப் அல்ல, என் பரிசோதனை.

“உந்த வயரைப் புடுங்கிப் பாரன்” என்றார் அண்ணை. சிப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசியாகக் கட்டியதை முதலில் கழற்று என்பது அவருடைய தொழில் விதி. பிடுங்கினேன், எழும்பியது. அடுத்த நாள் அந்த வயரை 27க்கு மாற்றினேன். 12இன் சொல்லைச் சிப் கேளாதபடி உள்ளே நிரந்தரமாக எரித்துவைக்கவும் வழி உண்டு. ஒரு தரம் எரித்தால் திரும்ப மாற்ற முடியாது. அந்த அளவுக்கு நான் போகவில்லை.

ஊனோவில் இப்படியான வில்லங்கம் இல்லையா? சின்னதாக ஒன்று உண்டு. கடைகளில் கிடைக்கும் றிலே போட்டுகளில் பல, பின் தாழ்ந்தால் அடிக்கிறவை. நிரலில் பின்னை ‘வெளியீடு’ என்று அறிவித்த கணத்தில் அது தாழ்நிலையில் பிறக்கும், றிலே ஒரு தரம் அடித்துவிட்டுத்தான் அடங்கும். 230 வோல்ற் ‘ஓம்’ ஒரு முறை கண் சிமிட்டும். மருந்து சுலபம்: முதலில் உயர்நிலை எழுதி, பிறகு வெளியீடு என்று அறிவித்தால் போதும். இரண்டு வரிகளின் ஒழுங்கை மாற்றுவதுதான் வேலை. ஈஎஸ்பியில் இந்தத் தந்திரத்தை நம்பாமல் 10 கிலோஓம் தடையி ஒன்றை வெளியே போட்டு 3.3 வோல்ற்றுக்கு இழுத்துவிடுவது உத்தமம். அதுவும் மேலே சொன்ன 14 பின்களில் மட்டும்.

பிக்சல் லைற்றுக்கு வந்தால் பேரன் பக்கம் நியாயம் திரும்புகிறது. டபிள்யூஎஸ்2812பி வகைப் பட்டியில் ஒவ்வொரு எல்ஈடிக்கும் 24 பிற் போக வேண்டும், ஒரு பிற்றுக்கு 1.25 மைக்ரோசெக்கன், ஆக ஒன்றுக்கு 30 மைக்ரோசெக்கன். மீற்றருக்கு 60 வீதம் 5 மீற்றர்ச் சுருளில் 300 எல்ஈடி, ஒரு படத்தை அனுப்ப 9 மில்லிசெக்கன். அந்த 9 மில்லிசெக்கனும் ஊனோ வேறு எதையும் காதில் வாங்காது, தன் மணிக்கூட்டைக்கூட. அதன் மணிக்கூடு ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் தட்டும், தட்டியதில் ஒன்றைத்தான் நினைவில் வைக்கும், மிச்சம் எட்டும் போய்விடும். செக்கனுக்கு 40 படம் ஓட்டினால் நேரத்தில் மூன்றிலொரு பங்கு காணாமல் போகும். சில நூலகங்கள் இதைக் கணக்குப் பார்த்துத் திருத்துகின்றன, சில கண்டுகொள்வதில்லை. இது தெரியாமல் ‘20 நிமிடத்துக்கு ஒரு தரம் மாறு’ என்று எழுதிவிட்டு அரை மணித்தியாலம் வாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும். நினைவகமும் இடிக்கும். ஒரு எல்ஈடிக்கு 3 பைட், 600க்கு 1800. 2 கிலோபைட்டில் மிச்சம் இருப்பதில் நிரல் மூச்சுவிட முடியாமல் நிறங்கள் பைத்தியம் பிடித்து ஆடும். ஈஎஸ்பியில் தரவு அனுப்புவதைத் தனி வன்பொருள் பார்த்துக்கொள்கிறது. கோபுரத்தின் எட்டு விளிம்புகளுக்கு எட்டு பின்கள் என்று பிரித்தும் கொடுக்கலாம். டபிள்யூஎல்ஈடி என்ற இலவச நிரலை ஏற்றிவிட்டால் கோட் எழுதாமலே கைபேசியில் நிறத்தை மாற்றலாம்.

ஆனால் 3.3 வோல்ற் என்ற குறை உடனே முகத்தில் அறையும். 5 வோல்ற்றில் எரியும் பிக்சல், தரவு குறைந்தது 3.5 வோல்ற் இருந்தால்தான் ‘ஒன்று’ என்று உறுதியாக எடுக்கும். ஈஎஸ்பி தருவது 3.3. வேலை மேசையில் ஓடும், கோயிலில் மினுங்கும். முதல் பிக்சலுக்கு மட்டும் ஒரு 1என்4007 இருவாயி வழியே கரண்ட் கொடுத்தால் அதன் தேவை 3 வோல்ற்றாக இறங்கும் என்று ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. ஒழுங்கான வழி 74எச்சிடி245 என்ற சிப். அது 2 வோல்ற்றையே ‘ஒன்று’ என எடுத்து 5 வோல்ற்றாகத் திருப்பிக் கொடுக்கும். கடையில் கேட்கும்போது ‘டி’ எழுத்தை அழுத்திச் சொல்லுங்கள். ‘டி’ இல்லாத 74எச்சி245உம் ஒரே சட்டையில்தான் இருக்கும், அதற்கும் அதே 3.5 வோல்ற் வேண்டும்.

எழுத்துக் கதை இன்னொன்றும் இருக்கிறது. 12 வோல்ற் சாதாரணப் பட்டிக்குப் பின் நேரே கரண்ட் கொடுக்க முடியாது. ஊனோவின் ஒரு பின்னுக்கு 20 மில்லி அம்பியர்தான் மரியாதை, 40 தாண்டினால் பின் சாகும். இடையில் சுவிச்சாக ஒரு மொஸ்பெற் வேண்டும். ‘இசட்44’ என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது ஐஆர்எஃப் வகையாக இருக்கலாம், ஐஆர்எல் வகையாகவும் இருக்கலாம். ‘எல்’ 5 வோல்ற்றில் நன்றாகத் திறக்கும்படி செய்தது. ‘எஃப்’ ஊனோவின் 5 வோல்ற்றில் அரைகுறையாகத் திறக்கும், ஈஎஸ்பியின் 3.3இல் கதவிடுக்கில் நின்று சூடேறும். விரலை வைத்தால் கொப்புளிக்கும். ஈஎஸ்பிக்கு ‘எல்’ வகையும் கொஞ்சம் இழுபறிதான், முன்சொன்ன 245ஐ இடையில் போட்டால் இரண்டு வேலையும் ஒன்றில் முடியும்.

மங்கல் பிரகாசத்தில் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது ஊரவர்கள் அல்ல, ரொறன்ரோவில் இருப்பவர்கள். இப்போது திருவிழா என்றால் நேரலை உண்டு. ஊனோவின் 9, 10 முதலான பின்கள் செக்கனுக்கு 490 தரம் எரித்து அணைத்து மங்கலை உண்டாக்குகின்றன (5, 6 மட்டும் 980). கண்ணுக்குத் தெரியாது. கைபேசிக் கமராவுக்குத் தெரியும், சுவாமிக்குக் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஊர்ந்து ஏறும். ஈஎஸ்பியில் 5 கிலோஹேட்ஸ் என்று ஒரு எண்ணை எழுதினால் கோடுகள் போய்விடும், வெளிச்சப் படிகளும் 256க்குப் பதில் 8192 ஆகும். குத்துவிளக்குத் திரி போல அடங்கி எரிய வைக்க, அடிமட்டத்தில் அந்தப் படிகள் வேண்டும். 256 படியில் அணைகிற கட்டத்தில் தட்டுத் தட்டாக விழுவது தெரியும். ஊனோவிலும் 9, 10 இரண்டையும் 31 கிலோஹேட்ஸுக்கு ஏற்ற ஒரு வரி இருக்கிறது. படி கூடாது, கோடு போகும். பிக்சல் பட்டிகளோ தங்கள் துடிப்பைத் தாங்களே வைத்திருப்பவை, எந்தப் போட் கட்டினாலும் அது மாறாது.

கடை வாசல்களில் ஓடும் எழுத்துப் பலகைகளுக்கு ஊனோவே தாராளம். பி10 என்ற 32க்கு 16 புள்ளிப் பலகைக்கு 6, 7, 8, 9, 11, 13 என்ற ஆறு பின்கள் போதும், ஒரு பலகைக்கு நினைவகம் 64 பைட்தான். இங்கே இடறுவது பின் அல்ல, தமிழ். அந்த நூலகங்களோடு வருகிற எழுத்துருக்கள் ஆங்கிலம். ‘கொ’ போட முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று அதற்குத் தெரியாது. வசனத்தை முழுப் படமாக வரைந்து புள்ளிகளாக ஏற்றுவதே குறுக்குவழி. கடைக்காரர் விலையை மாற்றச் சொன்னால் மறுபடி வரைய வேண்டும்.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களில் இரவில் எல்ஈடி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டத்தில் கட்டிய விண் கூவ, மேலே நிறம் மாறும். அங்கே நான் இரண்டு போட்டையும் எடுக்கமாட்டேன். ஊனோ 25 கிராம், 5 வோல்ற் கேட்கும். ஈஎஸ்பி அதைவிடப் பாரம் குறைவு, ஆனால் வைஃபை திறந்தால் கரண்ட் 200 மில்லி அம்பியரைத் தாண்டி எகிறும். அட்ரைனி85 என்ற எட்டுக்கால் சிப் ஒன்று, ஒரு லிதியம் பற்றரி, ஐந்து பின்கள். பட்டம் அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தாலும் நெஞ்சு வலிக்காது.

பழுது என்று வரும்போது அண்ணை ஊனோவை விட்டுக்கொடுக்கமாட்டார். அவருடையது பெரிய 28 கால் சிப்பைப் பொருத்தியில் செருகிய வகை. சிப் எரிந்தால் திருகாணிச் சாவியால் நெம்பி எடுத்து, நிரல் ஏற்றிவைத்த இன்னொன்றைச் செருகுவார். ஐந்து நிமிடம். ஈஎஸ்பி தகட்டோடு பற்றாசு வைத்தது, போனால் போட்டையே மாற்ற வேண்டும். அவர் தொழில் பழகியது தொண்ணூறுகளின் முதற்பாதியில். 1990இல் போன கரண்ட் வராமலே இருந்த போர்க்காலம், பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை. கழற்ற முடியாத சாமானை அவர் சாமானாகவே கணக்கில் எடுப்பதில்லை. உயர்தர வகுப்பில் பொருட்களின் இணையம் படிக்கும் அவருடைய மகன் என் பக்கம். வீட்டில் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

என்னைக் கேட்டால் கோபுரத்துக்கும் பிக்சலுக்கும் நேரலைக்கும் ஈஎஸ்பி-32, நேரடி 230 வோல்ற் றிலேகளுக்கும் ஓடுகிற சாதாரண வரிசைகளுக்கும் ஊனோ. எந்தப் பின் எது என்று பென்சிலால் அல்ல, அழியாத மையால் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். 12க்கு நேரே ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

இந்த வருடம் கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம், மெயின் சுவிச்சைப் பத்துத் தரம் ஓஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். கோபுர வாசல் பத்துத் தரமும் எழும்பியது. எட்டாவது தரம் மேற்கு வீதி எழும்பவில்லை. மூடியைத் திறந்தால், ஊனோவின் 9ஆம் துளையில் செருகிய வயரின் நுனி கடற்காற்றுப் பட்டுப் பச்சை பூத்திருந்தது. அண்ணை அதைச் சாரத்தின் நுனியில் துடைத்து மறுபடி செருகினார். என் பக்கம் திரும்பவேயில்லை.